மிரர் போடாத கப்பு

ஐயோ, அத எடுக்காதீங்கக்கா. அப்படியே வச்சிடுங்க. இல்லல்ல, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல, பதறிட்டேன், அவ்வளவுதான். அது வேஸ்ட்டு. நான் முதமுதல்ல போட்ட கப்பு. சுவத்தப் பாத்தாப்புல திருப்பி வச்சிடுங்க. ஆங், அது எப்பவும் அப்படித்தான் இருக்கும்.

உக்காருங்க, உக்காருங்க. திருத்துறைப்பூண்டிலேர்ந்து மன்னார்குடி வந்து, அங்க பஸ்ஸு மாறி, ஒரத்தநாட்டுல எறங்கி, இந்த வெயில்ல கோயில் தெரு வரைக்கும் நடந்தே வந்திருக்கீங்க. ஒரு போன் போட்டிருந்தா ஸ்கூட்டிய எடுத்துட்டு வந்திருப்பேன்ல? மோர் குடிங்க, உப்பு பத்தலன்னா சொல்லுங்க. உள்ள படுத்திருக்கறது என் மாமியாரு. மரியபுஷ்பம்னு பேரு. காது மந்தம். நாம பேசறது அவங்களுக்குக் கேக்காது. கேக்கவும் வேணாம்.

நான் லொடலொடன்னு பேசுவேன், கண்டுக்காதீங்க. பிரின்ஸி வாயத் தொறந்தா மூடாதுன்னு தெருவே சொல்லும். நேத்து ராவெல்லாம் உக்காந்து யோசிச்சேன், எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு. சரி, கப்புல போட்டோ அடிக்கக் கத்துக்கத்தான வந்திருக்கீங்க, பிரிண்டர்லேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

இதோ இருக்கு பாருங்க, இது சாதா இங்க் டேங்க் பிரிண்டர் தான். ஊத்தற இங்க் மட்டும் வேற. சப்ளிமேஷன் இங்க்னு கேட்டு வாங்கணும். பிரிண்டர் புதுசா வாங்கி, மொத நாளே இத ஊத்திடணும். பழைய இங்க் இருக்கறதுல ஊத்துனீங்கன்னா ரெண்டும் கலந்து கலரு நாறிப்போயிடும். ஒரு தடவ ஊத்தியாச்சுன்னா அது இதுக்குன்னே ஆயிடுச்சு, அப்புறம் புள்ளைங்களுக்கு ஜெராக்ஸ் எடுக்கறேன் அது இதுன்னு போகக்கூடாது. பேப்பரும் தனி. ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் பெய்யிற மழைக்கி அப்பளம் மாதிரி நமத்துப் போயிடும், அந்தப் பேப்பர்ல அடிச்சா மொகத்துல தேமல் கணக்கா திட்டுத்திட்டா வரும். நான் முறுக்கு டின்ல போட்டு, ஒரு துணியில ரெண்டு கை அரிசி கட்டி உள்ள வச்சிடுவேன். யூடியூப்ல இதெல்லாம் சொல்ல மாட்டான். அவனுக்கு எங்க அடிச்சுது ஐப்பசி மழ?

கப்பா? இல்லக்கா, டீ குடிக்கிற கப்புல எல்லாம் ஒட்டாது. இதுக்குன்னு பூச்சு பூசி விக்கிறான், தஞ்சாவூர்லயே கெடைக்குது. டீஷர்ட்டுன்னா பாலியஸ்டர் வேணும், பருத்தி ஆகாது. ஆரம்பத்துல கப்பு, டைல்ஸ், சாவிக்கொத்து, இதோட நிறுத்திக்கங்க. எடுத்த எடுப்புல தலகாணி உறை வரைக்கும் போவாதீங்க.

போட்டோ கொண்டாந்தீங்களா? குடுங்க பாப்போம்.

ம்ம். இவருதானா இளஞ்செழியன். சிரிச்ச மொகம். போன்ல சொன்னீங்கள்ல, வெளிநாட்டுக்குப் போயி காணாமப் போயிட்டாருன்னு. நாலு வருஷம். அதுக்காக என்னக்கா, யாரு என்ன சொன்னா என்ன? பூ வச்சிருக்கீங்க, பொட்டு வச்சிருக்கீங்க, நல்லாத்தான் இருக்கு. உங்க ஊர்ல பேசறவளுங்க பேசிட்டுப் போகட்டும். உங்க மாமனாரு, பஞ்சநதம்னு சொன்னீங்களே, அவரே மகன் இருக்கான் இருக்கான்னு சொல்லும்போது அவளுங்களுக்கு என்ன வந்துச்சு?

இந்தப் போட்டோ யாரு எடுத்தது? சும்மா தான் கேக்கறேன். அவரே அவர எடுத்துக்கிட்டதா, இல்ல வேற ஆளு எடுத்ததா? மாமனாரா. நடவு அன்னிக்கி வயல்ல வச்சு. ஆமா, பின்னாடி டிராக்டர் நிக்கிது, அதுல இருக்கற எழுத்தும் நேரா தெரியுது. சரி. சரி. சரிதான்.

ஒண்ணும் இல்லக்கா. கரண்ட் வருதான்னு பாத்தேன். மோட்டார் எல்லாம் ஓடற நேரத்துல இங்க கரண்ட் டல்லடிக்கும், மெஷின்ல சூடு ஏறாது, பாதி வெந்த மாதிரி நிக்கும் படம். இப்ப பரவால்ல. போட்டுட்டேன், நூத்தி எம்பது டிகிரி வரட்டும்.

அதுக்குள்ள இங்க பாருங்க. இதுதான் முக்கியம், மத்தது எல்லாம் மறந்தாலும் இத மறக்கக்கூடாது. பிரிண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி மிரர்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணணும். பண்ணா பேப்பர்ல படம் இடம் வலமா மாறி விழும். அந்தப் பேப்பர கப்புல குப்புற ஒட்டறோம்ல, அப்ப திரும்ப நேராயிடும். மிரர் போடலன்னா கப்புல எல்லாம் திரும்பிக்கும். பேரு எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கற மாதிரி வந்து தொலையும்.

இந்தாங்க, வந்துடுச்சு பேப்பரு. பயந்துடாதீங்க. இதுல பாக்கறப்ப மொகம் வெளுத்துப் போயி, சோகையில கெடந்தவங்க மாதிரி தான் இருக்கும். சூடு பட்டாத்தான் கலர் வரும். இந்த இங்க் உருகறதில்லக்கா, ஆவியாயி கப்புக்குள்ள எறங்கிடுது. அப்புறம் சொரண்டினாலும் வராது, விம் போட்டுத் தேச்சாலும் போகாது. டேப்ப நல்லா இழுத்து ஒட்டுங்க, தளதளன்னு இருந்தா படம் ரெட்டையா விழும். ஆங். இப்ப உள்ள வைங்க. பொத்தி வைங்க, கை பத்திரம். மூணு நிமிஷம்.

எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னா கேக்கறீங்க? யாரு இருக்கா சொல்லிக் குடுக்க. எங்க கோயில்ல மகளிர் குழு இருக்கு, அதுல மெஷினு வாங்கித் தந்தாங்க. அவரு போனதுக்கப்புறம். ரெமிஜியஸ், என் வீட்டுக்காரரு. அவரும் வெளிநாடு தான். இல்ல, உங்க கிட்ட போன்ல சொல்லல. சொல்ல வரல.

கல்யாணம் முடிஞ்சு நாப்பது நாளு தான் கூட இருந்தாருக்கா. நாப்பதே நாளு. அதுல விருந்துக்குப் போனது பாதி, ஏஜென்ட் ஆபீஸுக்கு அலைஞ்சது பாதி. அங்க வீடியோ கால் எல்லாம் வராது, கட் பண்ணி வச்சிருக்கான். குரலு வரும், இல்லன்னா போட்டோ வரும். அவரு அங்க போயி பத்தாவது மாசம் மெஷின் கிழிச்சு கையில ஏழு தையலு. தையல் பிரிச்ச அன்னிக்கி போன சாத்தி வச்சு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஒரு செல்ஃபி அனுப்புனாரு, கம்பெனி டீஷர்ட்டு போட்டுக்கிட்டு, நெஞ்சுல அரபில கம்பெனி பேரு. பாரு, தையல் பிரிச்சாச்சு, அம்மா கிட்ட சொல்லாதன்னு. அதுக்கப்புறம் எனக்கு வேற போட்டோ வரல. ரெண்டு மாசத்துல போயிட்டாரு.

மூணு நிமிஷம் ஆச்சா? பீப் அடிக்கும். இருங்க.

மொத வருஷ நினைவுப் பூசைக்கி வந்தவங்களுக்கு எங்க பக்கம் ஏதாவது பேர் போட்டுக் குடுப்போம், முன்னெல்லாம் எவர்சில்வர் டம்ளரு. எனக்குத்தான் மெஷின் வந்துடுச்சே. அந்தச் செல்ஃபியவே போட்டு, கீழ ரெமிஜியஸ்னு பேரப் போட்டு, அறுபது கப்பு அடிக்கலாம்னு உக்காந்தேன். மொத கப்புக்கு மிரர் போட மறந்துட்டேன். பேரு இடம் வலமா திரும்பி, படிக்க முடியாம வந்துடுச்சு. அந்தக் கப்பு தான் நீங்க எடுத்தது. வேஸ்ட்டுன்னு ஓரமா வச்சிட்டு, அடுத்த அறுபதும் மிரர் போட்டு ஒழுங்கா அடிச்சேன். எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. ஃபாதர் கூட இன்னும் அதுல தான் பேனா போட்டு வச்சிருக்காரு.

அடிச்சிடுச்சு பீப். தொடாதீங்க, தொடாதீங்க! நான் எடுக்கறேன். பேப்பர இப்ப உரிச்சிடணும், ஆற விட்டா ஒட்டிக்கும். இந்தா. பாத்தீங்களா?

ம். அழுங்க. எல்லாருமே மொத கப்புக்கு அழுவாங்க. அவரு நேர்ல நிக்கிற மாதிரி தான் இருக்கு. பத்து நிமிஷம் ஆறட்டும், கை வச்சா பொத்துப் போயிடும். தண்ணியில எல்லாம் முக்கக் கூடாது, தானா ஆறணும்.

கதையா? ஆமா, பாதியில விட்டுட்டேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், முத்துப்பேட்டையிலேர்ந்து மெஹராஜ் பேகம்னு ஒருத்தவங்க வந்தாங்க. மக கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குக் குடுக்க முந்நூறு கப்பு. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, அங்க தான் உக்காந்தாங்க. அலமாரியில அவரு கப்பு ரெண்டும் இருந்துச்சு, நல்லதும் வேஸ்ட்டும். உத்து உத்து பாத்துட்டு, ஏம்மா, இதுல மிரர் போட மறந்துட்டியா, அரபி எழுத்து திரும்பி நிக்கிதேன்னு கேட்டாங்க. வேஸ்ட்டத்தான் சொல்றாங்கன்னு நெனச்சு, ஆமாக்கா, அது தப்பா அடிச்சதுன்னேன். இல்லம்மா, அது இல்ல, இதுன்னு நல்ல கப்பக் காட்டுறாங்க. அந்த வேஸ்ட்டு கப்புல தான் எழுத்து சரியா இருக்குங்கறாங்க. சின்ன வயசுலேர்ந்து ஓதறவங்க, அவங்களுக்குத் தெரியாதா? எனக்கு அரபி நேரா இருந்தாலும் ஒண்ணு தான், திரும்பி இருந்தாலும் ஒண்ணு தான்.

புரியலையா? எனக்கும் அப்ப புரியலக்கா. அவங்க போனதுக்கப்புறம் ரெண்டு கப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சில போன்ல செல்ஃபி எடுத்தா கண்ணாடியில தெரியற மாதிரியே திருப்பி வச்சுக்கும். அவரு போனு அந்த மாதிரி போனு. அனுப்புன போட்டோவே திரும்பினது. நான் ஒழுங்கா அடிச்ச அறுபதுலயும் பேரு நேரா இருக்கு, ஆளு திரும்பிட்டாரு. வேஸ்ட்டுல பேரு திரும்பிடுச்சு, ஆளு மட்டும் சரியா இருக்காரு. அதுல தையல் தழும்பு வலது கையில இருக்கு. அவரு இடது கையில வாட்ச் கட்றவரு. நல்ல கப்புல வாட்ச் வலது கையில கெடக்கு. இத்தன நாளு அதக்கூடப் பாக்காம இருந்திருக்கேன், நானெல்லாம் ஒரு பொண்டாட்டி.

இருந்தாலும் மனசு ஒத்துக்கல. அங்க அவரு ரூம்ல இருந்தவரு வீரையன், பட்டுக்கோட்டக்காரரு, அவரு நம்பரத் தேடிப் புடிச்சு கேட்டேன். அண்ணே, அவருக்குத் தையல் போட்டது எந்தக் கைன்னு. வலது கைம்மா, சோறு அள்ள முடியாம ஒரு வாரம் நான் தானே ஊட்டி விட்டேன், உனக்குத் தெரியாதான்னாரு. எனக்குத் தெரியாதுக்கா. போன்ல, சாப்டியா சாப்டியான்னு என்னைய கேப்பாரே தவிர, ஒரு ஆளு ஊட்டி விட்டுத் தான் சாப்டறேன்னு சொல்லவே இல்ல. அன்னிக்கி அழுத அழுக, அவரு செத்த சேதி வந்தன்னிக்கிக் கூட அழல.

கையில என்ன இருக்கு, எந்தக் கையா இருந்தா என்னன்னு கேக்கறீங்க. சொல்றேன். சொல்லத்தான கூப்பிட்டேன்.

அவரு செத்தப்ப கம்பெனிக்காரன் போன் பண்ணான். உடம்பு தண்ணியில ஆறு நாளு கெடந்திருக்கு, மொகம் பாத்து சொல்ற மாதிரி இல்ல, அடையாளம் ஏதாவது சொல்லுங்கன்னான். நான் செல்ஃபியப் பாத்தேன். இடது கையில தழும்பு இருக்கும்னு சொன்னேன். அரைமணி நேரத்துல ஒரு போட்டோ அனுப்புனான், கை மட்டும். இடது கை. தழும்பு இருந்துச்சு. ஊறிப்போன கையில புதுத் தழும்பு எது, பழைய தழும்பு எதுன்னு யாருக்குத் தெரியும்? டெஸ்ட்டு எடுக்கணும்னா மூணு மாசம் ஆகும், ஆமான்னு சொல்லிட்டா பத்து நாள்ல அனுப்பிடுவோம்னான். இவங்க, உள்ள படுத்திருக்காங்களே, கிறிஸ்மஸுக்குள்ள எம்புள்ளைய மண்ணுல வச்சிடணும்னு கால்மாட்டுல உக்காந்து கதறிக்கிட்டு இருந்தாங்க. பிரின்ஸி, நல்லாப் பாத்தியாம்மான்னு ஒரே ஒரு தடவ கேட்டாங்க. நான் ஆமான்னேன். ஒரு நொடி தான் பாத்தேன்கா. அதுக்கு மேல பாக்கத் தைரியம் இல்ல. பெட்டியத் தொறக்கக்கூடாதுன்னுட்டாங்க, நாங்களும் தொறக்கல.

இவங்களுக்கு இன்னும் சொல்லல. ஒவ்வொரு திங்கக்கெழமையும் என் கையப் புடிச்சுக்கிட்டுக் கல்லறைக்கு வருவாங்க. குனிஞ்சு அந்தச் சிமெண்டத் தடவிக் குடுப்பாங்க. நான் பக்கத்துல நிப்பேன். இந்த ஒன்றரை வருஷமா அங்க நிக்க முடியலக்கா. கல்லறைத் திருநாளுக்கு சுண்ணாம்பு அடிக்கறப்ப, ரெமிஜியஸ்னு பேருக்கு மேல கருப்பு பெயிண்டு அடிக்கறேன், யாரோ பின்னாடி நின்னு என் பேரு அது இல்லம்மான்னு சொல்ற மாதிரியே இருக்கு. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. கனவுலயும் வர்றாரு. ஈரத்தோட வாசல்ல நிக்கிறாரு. உள்ள வாங்கன்னு கூப்பிட்டா, இது என் வீடு இல்லைங்கறாரு.

வாசல் கேட்டு தொறக்கற சத்தம் கேட்டா இப்ப நானும் எந்திரிச்சுப் போயி பாக்கறேன். ஏன்னு கேக்காதீங்க. உங்களுக்குத் தெரியாததா? அப்ப என் வீட்டுக்காரரு எங்கன்னு யாராவது சொல்லணும்ல.

எப்படி செத்தாரா? தண்ணி தான். மலையில மழ பேஞ்சு வறண்ட ஆத்துல திடீர்னு வெள்ளம். கம்பெனி வண்டி போச்சு. ஆமாக்கா. ரெண்டு பேரு இருந்தாங்க வண்டியில. ஆமா, ரெண்டு பேரும் நம்ம பக்கம் தான். ஒருத்தர் உடம்பு தான் கெடச்சுது.

எந்திரிக்காதீங்க. கைய விடுங்க, வலிக்குது... சரி, புடிச்சுக்கங்க. நல்லாப் புடிச்சுக்கங்க.

உங்க வீட்டுக்கும் அதே மாதிரி தான் போன் வந்திருக்கும். உங்க மாமனாரு தான எடுத்தாரு? எம்மவன் உடம்புல ஒரு கீறல் கெடையாது, அவன் உசுரோட இருக்கான், இனிமே பேசாதன்னு வச்சிட்டாருன்னு நீங்க தானே சொன்னீங்க. பெத்தவரு, பின்ன எப்படி சொல்லுவாரு? நான் முந்திக்கிட்டேன், அவரு மூடிக்கிட்டாரு. அந்தச் செகண்ட்ல தான் ஆளே மாறிப் போச்சு.

அந்தக் கப்பப் பாருங்க. மிரர் போட்டு அடிச்சது, மாமனாரு நேரா நின்னு எடுத்த போட்டோ, எங்கயும் ஒண்ணும் மாறல. நாத்துக் கட்ட வச்சிருக்கற கையில, மணிக்கட்டுக்கு மேல ஒரு தழும்பு. அது எதுல பட்டது? அறுவாளா. பதினாலு வயசுல. இடது கை.

எனக்கு வேற ஆளு யாரும் க்ளாஸுக்கு வரலக்கா. வண்டியில கூட இருந்தவரு உங்க ஊருன்னு வீரையன் அண்ணன் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டு, அந்த இலவசப் பயிற்சி நோட்டீச உங்க ஊரு வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் தான் போட்டேன். நீங்க கூப்பிடறதுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. கூப்பிட்டப்ப உடனே சொல்லியிருக்கணும், வாய் வரல. பூ வச்சிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறீங்க, எப்படி சொல்லுவேன்? என்னைய அடிக்கணும்னா அடிங்க, வாங்கிக்கறேன். ஆபீஸு, ஃபாதரு, கலெக்டரு, எங்க வந்து சொல்லணுமோ நான் வந்து சொல்றேன். எங்கள்ல எரிக்கறதில்ல. அதனால அப்படியே இருக்காரு, நீங்க கூட்டிக்கிட்டுப் போகலாம்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் போவோமா? கோயிலுக்குப் பின்னாடி தான், ரெண்டு நிமிஷம். நாலு வருஷமா உங்க வீட்டுக்காரருக்கு நான் தான் மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருக்கேன். இன்னிக்கி நீங்க ஏத்துங்க.

கப்பு ஆறிடுச்சுக்கா. எடுத்துக்கங்க.